கரைக்குப் போகும்வரை

தங்கை புருஷன் மாஸ்டரைக் கொன்றுபோட்டால் என்ன என்று எக்ஸ்ரே அக்காவுக்கு முதன்முதலாகத் தோன்றியது காலை ஒன்பதரை மணிக்கு, படகுத்துறையில், உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொள்ளும் வரிசையில் நிற்கும்போதுதான். சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் தோன்றக்கூடிய எண்ணமா அது? நல்ல வெயில், நல்ல காற்று, எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் ஏரி. பக்கத்தில் அவளுடைய வீட்டுக்காரர் லைன்மேன், அவித்த முட்டைப் பொட்டலத்தை யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்று நாள் பயணத்தின் கடைசி நாள். இன்று பூராவும் பாய்மரப் படகு, சாயங்காலம் வீடு.

தங்கையால் சட்டையை மாட்ட முடியவில்லை. இடது கை தோள்வரைக்கும் எழும்பவில்லை. கொக்கி வேறு எங்கோ முதுகுப் பக்கம் மாட்டிக்கொண்டது. அக்கா உதவப் போய், வாரை இழுத்து விலாவோடு இறுக்கினாள். தங்கை சத்தம் போடவில்லை. மூச்சு மட்டும் பாதியில் நின்றது. அந்த மூச்சை அக்காவுக்குத் தெரியும். அவள் கை தானாகவே தங்கையின் முன்கையைப் பிடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தடவியது. நட்டநடுவில் ஒரு மேடு.

"மெதுவாக்கா. அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி," என்றார் மாஸ்டர், சிரித்துக்கொண்டே.

பத்தொன்பது வருஷமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் அவளுக்கு வேலை. மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவள். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டில் உடையும். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு தனியாக, நடுவில் உடைந்திருந்தால் அந்தக் கை தரையில் ஊன்றிய கை அல்ல. முகத்துக்கு வந்த அடியைத் தடுக்கத் தூக்கிய கை. இதை அவள் எத்தனையோ பெண்களின் படத்தில் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். ஊரார் எலும்பையெல்லாம் ஊடுருவிப் பார்க்கத் தெரிந்தவளுக்குத் தன் தங்கையை மூன்று வருஷமாகப் பார்க்கத் தெரியவில்லை. என்ன கண்ணோ அது.

அதைவிடக் கொடுமை, இந்த மாப்பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததே அவள்தான். மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். நாற்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன அக்கா, முதல் வாரத்தில் மட்டும் இரண்டு சுவர், ஒரு காய்கறி வண்டி என்று இடித்துத் தள்ளினாள். மனுஷன் முகம் சுளிக்கவில்லை. "பரவால்லக்கா, இன்னொரு தடவை," என்று அதே குரலில் சொன்னார். நடுரோட்டில் வண்டி நின்று, பின்னால் வந்தவனெல்லாம் குடும்பத்தையே இழுத்துத் திட்டியபோதும் அதே குரல். இவ்வளவு பொறுமையா என்று அக்கா அசந்துபோனாள். கோபமே வராத ஆண்பிள்ளை என்று வீட்டில் வந்து தம்பட்டம் அடித்தாள். தங்கை, அவளுக்குப் பதினான்கு வயது இளையவள், அவள் இடுப்பிலேயே வளர்ந்தவள், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள்.

அடுத்த வியாழக்கிழமை மாஸ்டரும் தங்கையும் வெளிநாடு போகிறார்கள். அங்கே அவருக்கு வேலை, வீடு, எல்லாம் தயார். தங்கைக்கு அங்கே மொழி தெரியாது, ஒரு நாதி கிடையாது. இந்தப் பயணமே அவர்களை வழியனுப்ப லைன்மேன் ஆசை ஆசையாக ஏற்பாடு செய்ததுதான். வியாழக்கிழமைக்குப் பிறகு இந்தக் கையை உடைத்தாலும் யாருக்குத் தெரியும், கழுத்தை உடைத்தாலும் யாருக்குத் தெரியும். இன்றைக்குள் அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போயாக வேண்டும்.  அக்கா முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு படகில் ஏறினாள்.

படகுக்காரர் மொட்டைத் தலையும் முறுக்கிய மீசையுமாக இருந்தார். அந்த ஏரியில் செத்தவர்களின் கணக்கு முழுவதும் அவருக்கு மனப்பாடம். இந்தப் பாறையில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று செல்ஃபி எடுக்கப் போய் வழுக்கி விழுந்தது, அந்த வளைவில் ஒரு பேங்க் மேனேஜர், இதோ இந்த இடத்தில் ஆழம் நூற்றிருபது அடி, மூன்று பேரை இன்னும் எடுக்கவில்லை என்று, பூந்தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். படகைத் திருப்பும்போதெல்லாம் "குனிங்க" என்பார். எல்லோரும் தலையைத் தாழ்த்த, பாயின் அடியில் குறுக்கே கட்டிய கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். லைன்மேனுக்கு அதில் குழந்தை மாதிரி குஷி. கம்பத்தில் ஏறி ஏறிப் பழகியவர், பாய்மரத்தின் உச்சிக்குப் போக எத்தனை நிமிஷம் ஆகும் என்று படகுக்காரரிடம் பந்தயம் பேசிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் மனைவியின் தோள்மேல் கை போட்டு உட்கார்ந்திருந்தார். பார்ப்பவர்களுக்கு அன்யோன்யம். அக்கா அந்த விரல்களையே பார்த்தாள். கட்டைவிரல் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தியது. தங்கை உடனே நிமிர்ந்து, போட்டோவுக்குச் சிரித்தாள். மறுபடி அழுத்தியது, "தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு, இல்ல" என்றாள். சாவி கொடுத்த பொம்மை. இதை அவர்களோடு ஒரே மேஜையில் மூன்று நாளாகச் சாப்பிட்டுக்கொண்டு, பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று அக்காவுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஏரி நடுவில் ஒரு தீவு. அதில் அந்தக் காலத்துச் சிறைச்சாலை ஒன்று இடிந்தும் இடியாமலும் நின்றது. சுவரில் இரும்பு வளையங்கள். கைதிகளை இதில் கட்டித்தான் தோலை உரித்தார்கள் என்று படகுக்காரர் விளக்கினார். ஆண்கள் இருவரும் காவல் கோபுரத்தில் ஏறினார்கள். நூற்று நாற்பது படி. மாஸ்டருக்கு விருப்பமில்லைதான், ஆனால் உயரம் என்றால் உயிரை விடும் லைன்மேன், சகலையை விடுவாரா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்குப் பத்து நிமிஷம் கிடைத்தது. தங்கையை இருட்டறை ஒன்றுக்குள் தள்ளிக்கொண்டு போய், கையைத் தூக்கி அந்த மேட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இது எப்போ?"

தங்கை முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு ஞாபகமில்லை என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, மழைக்காலத்தில் என்றாள். விலா இரண்டு வாரத்துக்கு முன்னால். ஆஸ்பத்திரிக்கே போகவில்லை, கை தானாகவே ஒட்டிக்கொண்டது. அவர் குடிப்பதில்லை, கத்துவதில்லை, கெட்ட வார்த்தை பேசுவதில்லை. டீ ஆறியிருந்தால், கதவைத் திறக்க ஒரு நிமிஷம் தாமதமானால், முதலில் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். அடித்து முடித்ததும், "பரவால்ல, இன்னொரு தடவை செய், சரியா செய்" என்பார். அவள் எழுந்து போய் மறுபடி டீ போட வேண்டும். அது சரியாக வரும்வரை.

 அந்தக் குரலை நம்பித்தானே அக்கா பெண்ணைக் கொடுத்தாள். என்னை மன்னிச்சிடு பாப்பா என்று அழுதாள். இப்போது அழுது என்ன புண்ணியம் என்று தானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு எங்களோடு வந்துவிடு, வியாழக்கிழமையும் கிடையாது, வெள்ளிக்கிழமையும் கிடையாது என்று மன்றாடினாள்.  மேலே கோபுரத்திலிருந்து லைன்மேன் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"கரைக்குப் போனதும் உன் வண்டியில ஏறிடறேன். அங்க ஜனங்க இருப்பாங்க, ஒண்ணும் பண்ண மாட்டாரு. ஆனா அது வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத. மாமாகிட்ட கூட."

அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியம் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அவளைத் திட்டுவதா, பாவம் என்பதா? கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் லைன்மேனுக்கும் நடுவில் ஒரு ரகசியம் கிடையாது. ஆஸ்பத்திரிச் சண்டையோ, அவர் ஆபீஸ் வம்போ, ராத்திரிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிற வயிறு இரண்டு பேருக்கும். தீவிலிருந்து படகில் ஏறும்போது அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, என்னடி ஆச்சு என்று கேட்டார். அவ்வளவுதான். காதோடு காதாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கரைக்குப் போகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்றும் சேர்த்துத்தான் சொன்னாள்.

லைன்மேன் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களால் வருகிற வினை தனி. இரண்டு வீட்டுக்காரர்கள் ஒயருக்காக அடித்துக்கொண்டால், அவர் இரண்டு பேரையும் கம்பத்தடிக்கு வரவழைத்து, நேருக்கு நேர் நிறுத்தி, உண்மையைச் சொல்லு என்று கேட்பார். இருபத்தைந்து வருஷத்தில் அப்படித் தீர்த்துவைத்த சண்டைகள் எத்தனையோ. முகத்துக்கு முகம் பார்த்துவிட்டால் மனுஷன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஏரியின் நட்டநடுவில், நாலு பக்கமும் தண்ணீராக இருந்த இடத்தில், முட்டை உரித்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்தார்.

"சகலை, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க பாப்பாவை அடிக்கிறீங்களாமே, நெசமா?"

 தங்கை அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அக்கா செத்தே போயிருக்கலாம்.

மாஸ்டர் கோபப்படவில்லை. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிட்டியா?" என்று மனைவியைக் கேட்டார், மணி என்ன என்று கேட்கிற மாதிரி. "சரி. கையைக் குடு." அவளும் கொடுத்தாள், அதுதான் வேடிக்கை. இடது கையைத்தான் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து, துணியைப் பிழிவதுபோல் முறுக்கினார்.

அப்போதுதான் அவள் வாயிலிருந்து முதல் சத்தம் வந்தது. லைன்மேன் பாய்ந்து போய் அவர் கழுத்தைப் பிடித்தார். மாஸ்டர் திரும்பக்கூட இல்லை, தலையால் பின்பக்கமாக ஒரே முட்டு. லைன்மேனின் மூக்கு உடைந்த சத்தம் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் சரிந்ததும் மாஸ்டர் எழுந்து, ஷூ காலால் அவர் வயிற்றில் உதைத்தார், வாயில் உதைத்தார், மறுபடி வயிற்றில். அவசரமே இல்லாமல், எண்ணி எண்ணி. உரித்த முட்டை ரத்தத்தில் உருண்டு போனது. படகுக்காரர் சுக்கானை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல், யோவ் விடுய்யா, படகு கவுந்துடும் என்று அலறினார். பாய் காற்றை இழந்து படபடவென்று அடித்துக்கொண்டது.

மாஸ்டர் மனைவியின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, படகின் விளிம்புக்கு வெளியே அவளைப் பாதி உடம்புவரை சாய்த்தார். தலை தண்ணீருக்குள் போனது. கால்கள் பலகையில் உதைத்துக்கொண்டன. பத்து எண்ணுகிற நேரம் வைத்திருந்து வெளியே எடுத்தார், அவள் மூச்சை இழுத்த உடனே மறுபடி உள்ளே அமுக்கினார். துடுப்பைப் பார்த்து எழுந்த அக்காவிடம் திரும்பி, அதே குரலில் சொன்னார்:

"அக்கா, உக்காருங்க. பதட்டப்படாதீங்க."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். இதை அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. நாற்பது நாள் அந்தக் குரல் பிரேக் என்றால் பிரேக், கியர் என்றால் கியர் என்று பழகிய உடம்பு, சொன்ன பேச்சைக் கேட்டு உட்கார்ந்தது. தங்கையின் கால் உதைப்பது தளர்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

காற்று நின்றுபோனால் வலிப்பதற்காகப் பக்கவாட்டில் கிடந்த துடுப்பை எடுத்தாள். கனமான மரத் துடுப்பு. எங்கே அடிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டையில் அடித்தால் செத்துப்போவான், முதுகில் அடித்தால் சட்டை தாங்கிக்கொள்ளும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், சட்டையின் வார் மறைக்காத இடத்தில், தோலுக்கு அடியிலேயே இருக்கிறது காறை எலும்பு. துடுப்பின் விளிம்பைத் திருப்பிப் பிடித்து, அம்மி கொத்துகிறவள் மாதிரி ஓங்கிப் போட்டாள். காய்ந்த விறகு முறிகிற சத்தம். மாஸ்டரின் இடது கை தொங்கிவிட்டது. ஆனால் வலது கை மயிரை விடவில்லை. இரண்டாம் அடி விலாவில். மூன்றாம் அடி எங்கே என்று அவளுக்கே தெரியாது. வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. பத்தொன்பது வருஷமாக அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளே, அதற்கெல்லாம் சேர்த்து அடித்தாள். கொன்றிருப்பாள், சந்தேகமே இல்லை.

அவர் பிடியிலிருந்து மயிர் போனதும் தங்கை இருமிக்கொண்டே நிமிர்ந்தாள். அவர் அந்தக் கையால் அவள் முகத்தைப் பற்றப் போனார். அவள் அந்தக் கையைக் கடித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையில் பல் இறங்கி, தாடை இறுகி, அவர் அலறியும் விடவில்லை, அவள் கன்னத்தில் முழங்காலால் இடித்தும் விடவில்லை. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. கை பிய்த்துக்கொண்டு வந்தபோது அவர் மல்லாந்து தண்ணீரில் விழுந்தார். தங்கை வாயிலிருந்ததை ஏரியில் துப்பினாள்.

உயிர்காப்புச் சட்டை அவரை முழுக விடவில்லை. மலையிலிருந்து வருகிற தண்ணீர், பனிக்கட்டிச் சில்லிப்பு. முதலில் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார். பிறகு, படகைத் திருப்புங்க என்றார். படகுக்காரர் திருப்பிக்கொண்டு வந்து, கயிற்று ஏணியை எடுத்தார். லைன்மேன் கிழிந்த உதடும் உடைந்த மூக்குமாகப் பலகையில் சாய்ந்து கிடந்தார். அக்காவின் கையில் இன்னும் துடுப்பு இருந்தது. அதை வாங்கிக் கீழே வைத்தது தங்கைதான். வைத்துவிட்டுப் படகுக்காரரைப் பார்த்தாள்.

"ஏணி வேண்டாம். கயிறு போடுங்க. புடிச்சிட்டு வரட்டும்."

அதெல்லாம் முடியாதம்மா, தண்ணீரில் விழுந்தவரை ஏற்றாமல் போனால் என் லைசென்ஸ் போய்விடும் என்று அவர் பதறினார்.  ஏற்றினால் இந்தப் படகில் யாராவது ஒருவர் சாவோம் என்று மட்டும் தங்கை அமைதியாகச் சொன்னாள். அவர் நாலு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஏரியின் செத்தவர் கணக்கில் இன்றைக்கு ஓர் ஆளைச் சேர்க்க அவருக்கு ஆசையில்லை. ஏணியைச் சுருட்டி வைத்துவிட்டு, கயிற்று நுனியில் கண்ணி போட்டு வீசினார். மாஸ்டர் அதை நல்ல கையால் தலைக்குமேல் போட்டு அக்குளில் மாட்டிக்கொண்டார். படகு பாயை நிறைத்துக்கொண்டு கிளம்பியது.

முக்கால் மணி நேரம் அப்படியே இழுத்து வந்தார்கள். தங்கை பின்பலகையில், அவருக்கு எதிரே உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் அவளுக்கு என்ன ஆகும் என்று சொன்னார். பிறகு அக்காவுக்கு என்ன ஆகும் என்று சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரால் கூப்பிட்டார். அதன் பிறகு பல் கிட்டி, அழ மட்டும் முடிந்தது. அக்காவுக்கே ஒரு கட்டத்தில் பயம் வந்து, போதும் பாப்பா, செத்துகித்துத் தொலையப் போகிறான் என்றாள். இன்னும் கொஞ்சம் என்றாள் தங்கை. அவள் நீலம் பாரித்துக் கிடந்த தன் கையை மடியில் வைத்திருந்தாள். கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது.

துறையில் கூட்டம் கூடிவிட்டது. நாலு பேர் இறங்கி மாஸ்டரைத் தூக்கிப் பலகைமேல் போட்டார்கள். கம்பளி கொண்டுவந்தார்கள். துறை அதிகாரி நோட்டும் பேனாவுமாக ஓடிவந்து, யார் அடித்தது என்று கேட்டார். படகுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மேகத்தைப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் அக்கா. "இடது காறை எலும்பு போயிருக்கும். விலாவுல குறைஞ்சது ரெண்டு இருக்கும். படம் எடுக்கச் சொல்லுங்க."

வருகிற கேஸ் வரட்டும் என்று அவளுக்கு இருந்தது. பயமெல்லாம் வேறு இடத்தில்தான். ஏனென்றால் கம்பளிக்குள்ளிருந்து மாஸ்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பத்துப் பேர் பார்க்க, முகத்தில் தண்ணீரும் கண்ணீருமாக, நல்ல கையை மனைவியை நோக்கி நீட்டினார். கையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஐயோ பாவம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

"பரவால்லம்மா. ஒண்ணும் ஆகல. வா, போலாம்."

தங்கை எழுந்தாள். அவரை நோக்கி ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள்.  கூப்பிடலாமா, இழுக்கலாமா என்று அக்காவுக்குப் புரியவில்லை. தான் இனிமேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அது அவள் தலையில் விடிந்துவிடும் என்று பயந்து, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தங்கை அவருக்கு முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, இதுவரை எவருமே கேட்டிராத குரலில் பேசினாள்.

"நீங்க உடைச்ச கை வலிக்குது. நான் வரல."

பிறகு துறையின் பலகைப் பாலத்தில், உடைந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, வண்டி நின்ற பக்கமாக நடந்தாள்.